கூலிக்குக் காவல் ஒரு முத்திரை!

வீடு கட்டி முடிந்துவிட்டது. சுவரில் புது வர்ணம் மினுமினுக்கிறது. சமையல் அறைத் தரையில் டைல் பளபளக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு குடிவந்து விட்டார்.

அந்த டைலைப் பதித்தவருக்கு மட்டும் கூலி வரவில்லை!

அவர் கண்டிராக்டரிடம் போகிறார்.

"வீட்டுக்காரர் இன்னும் எனக்குப் பணம் தரவில்லை. வந்ததும் தருகிறேன்" என்கிறார் கண்டிராக்டர்.

வீட்டுக்காரரிடம் போகிறார்.

"கண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டேனே! நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாதே!" என்கிறார் வீட்டுக்காரர்.

இருவருக்கும் நடுவே நிற்கிறார் தொழிலாளி. அவர் என்ன செய்வார்?

தையற்காரருக்கு இந்தக் கவலை இல்லை. கூலி வரும்வரை சட்டையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் பழுது பார்ப்பவரும் அப்படியே. கட்டிட வேலைக்காரர் எதைப் பிடித்து வைப்பார்? பதித்த டைலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? அவருடைய உழைப்பு அடுத்தவர் மண்ணோடு சேர்ந்துவிட்டதே!

இந்தக் கஷ்டத்துக்கு அமெரிக்கா ஒரு வழி கண்டது. அதில் மூன்று பொருள்கள் உண்டு: ஒரு காகிதம், ஒரு சத்தியம், ஒரு முத்திரை.

அந்த முத்திரையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. எந்தக் காகிதத்துக்கு முத்திரை வேண்டும்? எதற்கு வேண்டாம்? இது சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் தொழிலாளியின் சோறும், இன்னொரு பக்கம் ஒரு குடும்பத்தின் வீடும் இதில் அடங்கி இருக்கின்றன.

தலைநகரம் தந்த சட்டம்

1791-ம் ஆண்டு. அமெரிக்கா புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு. வாஷிங்டன் என்ற புதிய தலைநகரைக் கட்ட வேண்டும். கொத்தர் வேண்டும், தச்சர் வேண்டும், செங்கல் தருகிற வியாபாரி வேண்டும். வெறும் காட்டிலும் மேட்டிலும் கட்டப்போகிற ஊரை நம்பி, யார் கடனுக்கு வேலை செய்வார்கள்?

தலைநகரத்துக்கான திட்டங்களை ஆலோசித்தவர்களில் தாமஸ் ஜெபர்சன், ஜேம்ஸ் மாடிசன் இருவரும் உண்டு. இருவருமே பிற்காலத்தில் நாட்டின் ஜனாதிபதி ஆனவர்கள். அந்த 1791-ம் ஆண்டிலேயே மேரிலாந்து மாநிலம் ஒரு சட்டம் செய்தது. கட்டிடத்தில் உழைத்தவருக்கும், பொருள் கொடுத்தவருக்கும் கூலி வராவிட்டால், அந்தக் கட்டிடத்தின் மேலேயே அவருக்கு உரிமை உண்டு என்பதே அந்தச் சட்டம்.

இந்த உரிமைக்கு 'லீன்' என்று பெயர். தமிழ் நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் என்ன பார்ப்பார்கள்? 'வில்லங்கம் இருக்கிறதா?' என்று பார்ப்பார்கள். லீன் என்பதும் ஒரு வில்லங்கம்தான். அது பத்திரத்தில் ஏறிவிட்டால் வீட்டை எளிதில் விற்க முடியாது. அதன் மேல் கடன் வாங்கவும் முடியாது. கூலி பாக்கியைத் தீர்த்தால்தான் வில்லங்கம் நீங்கும்.

இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் இருக்கிறது. விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் மாநிலத்தின் விதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 1876-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே தொழிலாளியின் இந்த உரிமை எழுதப்பட்டு இருக்கிறது!

முதலில் நோட்டீஸ்

டைல் பதித்தவர் மார்ச் மாதம் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு குடும்பம் வசிக்கப்போகிற வீடு. அவரை வேலைக்கு வைத்தவர் கண்டிராக்டர். வீட்டுக்காரரோடு அவருக்கு நேர் ஒப்பந்தம் கிடையாது.

கூலி வரவில்லை. அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

வீட்டுக்காரருக்கும் கண்டிராக்டருக்கும் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 'இன்ன வேலை செய்தேன். இவ்வளவு பாக்கி' என்று அதில் எழுத வேண்டும். வேலை செய்த மாதத்துக்கு அடுத்து வரும் இரண்டாம் மாதம் 15-ந்தேதிக்குள் அது போக வேண்டும். மார்ச் மாத வேலைக்கு மே 15-ந்தேதி கடைசி நாள்.

சாதாரணத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. சர்டிபைடு தபாலில் அனுப்ப வேண்டும். அல்லது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வேறு வழியில் அனுப்ப வேண்டும். நேரிலும் கொடுக்கலாம்.

இந்த நோட்டீஸ் என்ன செய்யும்? அதன் பிறகு வீட்டுக்காரர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. கண்டிராக்டருக்குத் தர வேண்டிய பணத்தில் அந்தப் பாக்கிக்கு உரியதை அவர் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தாமல் கொடுத்துவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும்.

நோட்டீசுக்கு முத்திரை தேவை இல்லை. அது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான்.

பிறகு சத்தியம்

நோட்டீசுக்கும் அசையவில்லை என்றால்?

அப்போதுதான் பிரமாணப் பத்திரம் வருகிறது. தமிழ் நாட்டுக் கோர்ட்டு வாசலில் 'அபிடவிட்' என்று சொல்கிறார்களே, அதுதான். 'எனக்கு இவ்வளவு பாக்கி. இந்த வீட்டில் இந்த வேலை செய்தேன். இது சத்தியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கவுண்டி கிளார்க் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். அங்கே கவுண்டி என்பது ஜில்லா மாதிரி. கவுண்டி கிளார்க் ஆபீஸ் என்பது பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி.

வீட்டு வேலையானால், கடைசியாக வேலை செய்த மாதத்துக்கு அடுத்து வரும் மூன்றாம் மாதம் 15-ந்தேதிக்குள் பதிய வேண்டும். மார்ச்சோடு வேலை முடிந்தது என்றால் ஜூன் 15 கடைசி நாள். பதிந்த 5 நாட்களுக்குள் ஒரு நகலை வீட்டுக்காரருக்கும் கண்டிராக்டருக்கும் அனுப்ப வேண்டும்.

இந்தப் பத்திரத்தில்தான் நோட்டரியின் முத்திரை இருக்க வேண்டும்.

டெக்சாஸ் சட்டப்படி பிரமாணப் பத்திரம் என்றால் மூன்று அடையாளங்கள் வேண்டும். ஒருவர் எழுத்தில் கையெழுத்திட வேண்டும். அதிகாரம் பெற்றவர் முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த அதிகாரி தன் முத்திரையோடு சான்று கூற வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது பிரமாணப் பத்திரம் ஆகாது. 'இவர்தான் கையெழுத்துப் போட்டவர்' என்று மட்டும் நோட்டரி எழுதினால் போதாது. 'என் முன்னால் சத்தியம் செய்தார்' என்று எழுத வேண்டும்.

பாக்கித் தொகை சரியாக இருக்கும். வேலையும் ஒழுங்காக நடந்து இருக்கும். ஆனால் முத்திரைக்கு மேலே இருக்கும் அந்த ஒரு வரி விட்டுப் போனால் கோர்ட்டில் வழக்கே ஆட்டம் கண்டுவிடும்!

"என் கூலிக்கு நான் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்?"

தொழிலாளி இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

"வெயிலில் முட்டி போட்டு வேலை செய்தவன் நான். பணம் தராதவர் அவர். சத்தியம் மட்டும் நான் செய்ய வேண்டுமா?"

கொஞ்சம் மறு பக்கமும் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர் யார்? பெரிய பணக்காரராக இருக்க வேண்டும் என்பது இல்லை. பாங்கியில் கடன் வாங்கி, முப்பது வருஷம் மாதாமாதம் கட்டப்போகிற ஒரு குமாஸ்தாவாக இருக்கலாம். ஆசிரியையாக இருக்கலாம். கண்டிராக்டரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற குடும்பம் அது.

அந்தக் குடும்பத்தின் வீட்டின் மேல் ஒரு காகிதத்தால் வில்லங்கம் ஏற்றலாம். அதுவும் எப்படி? கோர்ட்டு விசாரணை இல்லாமல்! நீதிபதி தீர்ப்பு இல்லாமல்! வாதி ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு!

இவ்வளவு பெரிய ஆயுதத்தை ஒருவர் கையில் கொடுக்கும்போது, 'நான் சொல்வது உண்மை' என்று ஒரு சாட்சி முன்னால் அவர் சொல்ல வேண்டாமா? கட்டாயம் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டின் மேல் கை வைக்கிறவர், முதலில் தன் நெஞ்சின் மேல் கை வைக்கட்டும்!

பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை உண்டு. ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் லீன் பதிந்தவர், 10,000 டாலர் அல்லது உண்மையான நஷ்டம், இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க நேரும். இதை அறிந்தவர் கணக்கைக் கூட்டி எழுத மாட்டார். பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளவும் இந்தச் சட்டத்தைத் தொட மாட்டார்.

இதனால் உண்மையான தொழிலாளிக்குத்தான் லாபம். பொய்க் காகிதங்கள் பெருகினால் மெய்க் காகிதத்துக்கும் மதிப்புப் போய்விடும். நல்ல காசைக் கள்ளக் காசிலிருந்து பிரித்துக் காட்டுவது முத்திரைதான்!

குடும்பத்துக்கும் காவல்

டெக்சாஸ் சட்டம் வீட்டுக்காரரையும் கை விடவில்லை.

வசிக்கும் வீட்டின் மேல் லீன் வர வேண்டுமானால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கலியாணம் ஆனவர் என்றால் கணவனும் மனைவியும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒப்பந்தம் பதிவாகவும் வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் கணவன் வீட்டைச் சிக்கலில் மாட்ட முடியாது. கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் மாட்ட முடியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு!

கண்டிராக்டருக்குத் தரும் பணத்தில் 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வேலை முழுவதும் முடிந்த பிறகும் 30 நாள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2,00,000 டாலர் வேலை என்றால் 20,000 டாலர் கையில் நிற்கும். கூலி கிடைக்காத தொழிலாளிகளுக்கு அந்தப் பணம் காப்பு. அதைப் பிடித்து வைத்து, வந்த நோட்டீசையும் மதித்து நடந்த குடும்பம், ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்கும் ஆபத்திலிருந்து தப்பும்.

'கண்டிராக்டரை நம்பி முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன்' என்று பிறகு வருந்துவதில் பயன் இல்லை. நம்பிக்கை நல்லதுதான். பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நம்புவது இன்னும் நல்லது.

முத்திரை தேவை இல்லாத இடம்

முத்திரை நல்லது என்பதற்காக எல்லாக் காகிதத்திலும் குத்த வேண்டுமா? வேண்டாம்.

கண்டிராக்டர் பணம் தரும்போது தொழிலாளியிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குவார். 'இந்தப் பணத்துக்கான என் லீன் உரிமையை விட்டுவிட்டேன்' என்பது அதில் இருக்கும் வாசகம். டெக்சாசில் இந்தச் சீட்டுக்கும் முன்பு நோட்டரி முத்திரை வேண்டும் என்று விதி இருந்தது. வேலை நடக்க நடக்க, பணம் பகுதி பகுதியாக வரும். ஒவ்வொரு தடவையும் நோட்டரியைத் தேடி ஓட வேண்டும். ஒரு நாள் வேலையும் கெடும்.

2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஜனவரி 1-ந்தேதி முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, இந்த விடுதலைச் சீட்டில் முத்திரை தேவை இல்லை. கையெழுத்து போதும்.

இது சரியான மாற்றம். பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கிறவர் யார் வீட்டின் மேலும் கை வைக்கவில்லை. அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? பிறர் சொத்தைக் கட்டுகிற காகிதத்துக்கு முத்திரை. கட்டை அவிழ்க்கிற காகிதத்துக்குக் கையெழுத்து. இதுவே நியாயமான எல்லை.

ஆனால் இதில் தொழிலாளி ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதலைச் சீட்டு இரண்டு வகை. ஒன்று, 'பணம் கைக்கு வந்தால்தான் என் உரிமை நீங்கும்' என்பது. மற்றொன்று, 'பணம் வந்துவிட்டது; உரிமை நீங்கிவிட்டது' என்பது. பணம் கொடுக்காமல் இரண்டாவது சீட்டைக் கேட்கக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. 'செக் நாளைக்கு வரும். இன்றைக்குக் கையெழுத்துப் போடுங்கள்' என்றால், எந்தச் சீட்டு என்று படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடக்கூடாது!

நோட்டரி யார்?

இந்தியாவில் நோட்டரி என்றால் பெரும்பாலும் அநுபவம் உள்ள வக்கீல். டெக்சாசில் அப்படி இல்லை. 18 வயது நிறைந்த மாநிலவாசி, பெரிய குற்றத்துக்குத் தண்டனை அடையாதவர், உரிய ஜாமீன் பத்திரம் கொடுத்து நோட்டரி ஆகலாம். வக்கீல் படிப்புத் தேவை இல்லை. பாங்கியில் பணம் எண்ணுகிற பெண்மணி நோட்டரியாக இருப்பார். அவர் வேலை, வந்தவர் யார் என்று பார்ப்பது, சத்தியம் வாங்குவது, முத்திரை இடுவது. உங்கள் கணக்குச் சரியா, நாள் தவறிவிட்டதா என்று அவர் பார்க்க மாட்டார். ஆலோசனையும் சொல்லக்கூடாது.

இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது.

டெக்சாசில் கட்டிட வேலை செய்கிறவர்களில் பலர் ஸ்பானிஷ் மொழி பேசுகிறவர்கள். மெக்சிகோவிலிருந்தும் மற்ற தென் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அந்த நாடுகளில் 'நோட்டாரியோ' என்றால் சட்டம் படித்த பெரிய அதிகாரி. அந்தப் பெயரைப் போர்டில் எழுதிவைத்து, வக்கீல்போல் நடித்துப் பணம் பறிக்கும் ஆட்கள் உண்டு. 'நோட்டாரியோ' என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று டெக்சாஸ் சட்டம் தடை செய்து இருக்கிறது. தடை இருந்தும், பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர் இருக்கவே செய்கிறார்கள்.

விதிகளில் பெரிய குறை இருப்பது இந்த இடத்தில்தான். சத்தியம் கேட்பது சரி. ஆனால் சத்தியம் செய்கிறவருக்கு அது புரிய வேண்டாமா? இங்கிலீஷில் எழுதிய காகிதத்தில், என்ன எழுதி இருக்கிறது என்றே அறியாமல் கை ஒப்பம் வைத்தால் அது என்ன சத்தியம்? தொழிலாளியின் மொழியில் மாதிரிப் படிவங்கள் இருக்க வேண்டும். 15-ந்தேதிக் கணக்கை எளிதாகக் காட்டும் அட்டவணை ஒவ்வொரு பதிவு ஆபீசிலும் தொங்க வேண்டும். சத்தியம் கேட்கிற சர்க்காருக்கு இது பெரிய செலவு அல்ல; அதன் கடமை.

நாள் தவறினால்?

ஜூன் 15 தவறிவிட்டது. என்ன ஆகும்?

வீட்டின் மேல் இருந்த பிடி போய்விடும். கடன் போய்விடாது. கண்டிராக்டர் மேல் வழக்குப் போடலாம். அதற்கு நான்கு வருஷம் தவணை உண்டு. ஆனால் கண்டிராக்டர் திவாலாகிவிட்டால்? ஊரை விட்டே போய்விட்டால்? தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீடு நகராது, கண்டிராக்டர் நகர்ந்துவிடுவார். அதனால்தான் வீட்டின் மேல் பிடி வேண்டும் என்பது.

லீன் பதிந்ததோடும் வேலை முடியவில்லை. பதிவதற்கான கடைசி நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் லீன் செத்துவிடும்.

முத்திரைக்கு ஆகிற செலவு மிகக் குறைவு. 2018 ஜூலை முதல் டெக்சாசில் நோட்டரியைக் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்துச் சத்தியம் செய்யவும் சட்டம் இடம் கொடுத்து இருக்கிறது. ஆகையால் முத்திரை பெறுவது கஷ்டம் அல்ல. கடைசி நாள் மாலை வரை காத்திருப்பதுதான் கஷ்டத்தை உண்டாக்குகிறது.

"கண்டிராக்டர் நல்லவர், நோட்டீஸ் அனுப்பினால் கோபித்துக்கொள்வார், அடுத்த வேலை தர மாட்டார்" என்று தயங்குகிறவர்கள் பலர். நல்ல கண்டிராக்டர் சட்டப்படி வந்த கடிதத்துக்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரிடம் அடுத்த வேலையும் செய்து, அடுத்த கூலியையும் இழப்பதில் என்ன லாபம்?

செய்த வேலையை அன்றன்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதம் முடிந்ததும் பாக்கியைக் கூட்ட வேண்டும். பாக்கி இருந்தால் 15-ந்தேதிக்கு முன்பே கடிதம் போக வேண்டும். இவ்வளவும் செய்தவர், நோட்டரி முன்னால் கை உயர்த்தும்போது நடுங்க மாட்டார். அவர் சொல்லப்போவது உண்மை. அதற்கு நோட்டே சாட்சி.

வீட்டுக்குள் குழந்தைகள் அந்த டைலின் மேல் ஓடி விளையாடட்டும். அதைப் பதித்தவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு நடுவில் நிற்கும் காவல்காரன்தான் அந்தச் சின்ன முத்திரை!